நாலு மணிக்குள் வராத ஸ்டாண்டு

பைப் வேலைக்காரர்களும் மெக்கானிக்குகளும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் ஏறி நின்று வேலை செய்யத் தோதாக, கால் மடங்குகிற இரும்பு ஸ்டாண்டு ஒன்றை இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்திருந்தார் பம்ப்செட் மெக்கானிக் காளிச்சாமி. முழங்கால் உயரந்தான், ஆனால் யானை ஏறினாலும் அசையாது. கொழிஞ்சாம்பாறைத் தொழில் கண்காட்சியில் நடுவர் நாலு மணிக்குள் பார்த்து 'நன்று' என்று எழுதிவிட்டால், பஞ்சாயத்தில் ஐம்பது ஸ்டாண்டுக்கு ஆர்டர். கையெழுத்துப் போடுவது தலைவர்.

நடுவர் வந்தபோது காளிச்சாமியின் இடம் காலியாக இருந்தது.

"சாதனம் எங்கய்யா?"

"தலைவர் பேசி முடிச்சதும் கொண்டாந்தர்றனுங்க."

"அவர் பேச்சுக்கும் உன் ஸ்டாண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

காளிச்சாமி மேடையைப் பார்த்தார். விழாக்குழுக் குப்பண்ணன் அங்கிருந்தே வாயில் விரல் வைத்துக் காட்டினார்.

உயரமான மைக் மேசைக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தலைவர் முழங்கினார்: "நம்மாளுக செய்யற சாமான் நாலு நாளைக்குத் தாங்குதுங்களா? உறுதி வேணும், உறுதி."

ஒவ்வொரு உறுதிக்கும் காலை ஓங்கி மிதித்தார்.

மணி நாலானது. 'பொருள் வரவில்லை' என்று எழுதிவிட்டு நடுவர் போய்விட்டார்.

நாலரைக்குத் தலைவர் நன்றி சொல்லிக் கீழே இறங்கினார். இறங்கியதும் மேசைக்குப் பின்னால் அவர் தலையே காணாமல் போனது. காளிச்சாமி மேடையேறி, அவர் ஏறி நின்ற ஸ்டாண்டின் கால்களை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

தலைவர் குப்பண்ணனிடம் சொன்னார்: "துளிகூட ஆடலையப்பா. இதையச் செஞ்சவன் எவனோ, அவனையல்லவா நீங்க கண்காட்சிக்குக் கூப்பிட்டிருக்கோணும்."