எப்போதும் பச்சை

பன்னிரண்டாம் நம்பர் வேனின் பின்பக்க இடது டயர் மறுபடியும் திரையில் சிவந்தது. காலையிலிருந்து இது நாலாவது தடவை. அவள் வலிக்கிற காதிலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டு டிரைவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பின்னாடி லெஃப்ட்ல காத்து குறையுது. ஓரமா நிறுத்திப் பாருங்க."

"பாத்துட்டுதாம்மா வர்றேன். காத்தடிச்சா நிக்க மாட்டேங்குது. இறங்கி இறங்கி ஏறுறதுல என் முட்டி தேஞ்சுபோச்சு. நான் பிள்ளைங்கள டூர் கூட்டிட்டுப் போறேனா, டயருக்கு வைத்தியம் பாக்கப் போறேனா?"

"என் மேல கோவிச்சு என்னண்ணே ஆகப்போகுது? திரையில வர்றதத்தான சொல்றேன்."

"சொல்லும்மா, சொல்லு. அதுக்குத்தான சம்பளம்." வைத்துவிட்டார்.

அவள் வேலை அதுதான். நூற்றுப் பத்து வேன்கள். ஒவ்வொரு டயருக்குள்ளும் ஒரு சென்சார். காற்று எவ்வளவு, சூடு எவ்வளவு என்று அது நெட் வழியாக இந்த அறைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். காற்று குறைந்தால் திரை சிவக்கும். சிவந்தால் அவள் போன் செய்ய வேண்டும், போன் செய்தால் திட்டு வாங்க வேண்டும். வீட்டுக்குப் போனாலும் காதுக்குள் அந்த மணி நிற்பதில்லை.

அப்பாடா என்று பார்க்க ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. இருபத்தேழு. சென்சார் மாட்டிய புதிதில் அதுவும் நாளைக்குப் பத்து தடவை கத்தியதுதான். இந்த மூன்று மாதமாக ஒரு சிவப்பு இல்லை, ஒரு மஞ்சள்கூட இல்லை. ஆபீசில் அந்த டிரைவருக்குப் 'பச்சை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதனால்தான் இன்று காலை பள்ளிக்கூட வாசலில் மகளோடு இழுபறி. மலைக்குச் சுற்றுலா போக அவள் கம்பெனியின் இரண்டு வேன்கள் நின்றன. மகள் பன்னிரண்டில் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்திருந்தாள்.

"என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இதுலதாம்மா இருக்காங்க."

"இருக்கட்டும். நீ இறங்கு."

கையைப் பிடித்து இறக்கி, இருபத்தேழில் உட்காரவைத்த பிறகுதான் அவள் வேலைக்கு வந்தாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு டாட்டாகூடக் காட்டவில்லை. அது காலையிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரே பிள்ளை, கோபம் சாயங்காலத்துக்குள் ஆறிவிடும், பத்திரமாகத் திரும்பி வந்தால் போதும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

மதியம் இரண்டு வேன்களும் மலை உச்சியில் போய் நின்றன. பக்கத்து நாற்காலிக்காரி எட்டிப் பார்த்தாள்.

"பன்னெண்டோட டயர் அறுபது டிகிரி கொதிக்குது. இருபத்தேழப் பாரேன், கெளம்பும்போது இருந்த அதே இருபத்தஞ்சு. மலை ஏறுன மாதிரியே தெரியல."

"அலுங்காம குலுங்காம ஓட்டுற மனுஷன்டி," என்றாள் அவள். கண்ணை மூடினால் அங்கேயே தூங்கிவிடுவாள் போலிருந்தது.

பன்னிரண்டாம் நம்பர் டிரைவர் தானே கூப்பிட்டார். "டயர்ல ஆணி ஏறியிருக்கும்மா. ஸ்டெப்னி மாத்தாம இறங்க மாட்டேன். ஒரு மணி நேரம் ஆகும்னு டீச்சர்கிட்டயும் சொல்லிட்டேன்."

நல்லவேளை, பிள்ளையை அதிலிருந்து இறக்கினோம் என்று அவளுக்கு நெஞ்சு லேசானது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. பச்சையின் தொழில் ரகசியத்தைக் கேட்டு மற்ற டிரைவர்களுக்கும் சொல்லிவிட்டால், தன் தொண்டைக்காவது ஓய்வு கிடைக்குமே. இருபத்தேழைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மூணு மாசமா உங்களுக்கு ஒரு போன்கூட நான் பண்ணல. டயர எப்படிண்ணே இப்படி வெச்சிருக்கீங்க?"

மறுமுனையில் சிரிப்பு. "பிள்ளைங்க ஏறிட்டு இருக்காங்க மேடம். இறக்கத்துல போகணும், அப்புறம் பேசலாமே."

"ஒரே நிமிஷம்ணே. எனக்கும் சிவப்பப் பாத்துப் பாத்து வெறுத்துப்போச்சு. என்னதான் பண்றீங்க, எனக்கு மட்டும் சொல்லுங்க. மேல யாருக்கும் போகாது."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்களும் என்னைய மாதிரி அலுத்துப்போன ஆளா இருக்கீங்க, அதனால சொல்றேன். நாலு சென்சாரையும் கழட்டி, ஒரு பைப்புக்குள்ள போட்டு, காத்தடிச்சு அடைச்சு, என் சீட்டுக்கு அடியில வெச்சிருக்கேன் மேடம்."