டிஜோவின் கத்தி

வக்கீல் ஹைமவதியின் அலுவலகப் படிகளில் அனூப்பைச் சட்டைக் காலரோடு இழுத்துக்கொண்டு ஏறினார் வக்கச்சன். அறுபத்திரண்டு வயது, எந்நேரமும் நடுங்கும் வலது கை. ஆனால் இன்றைக்குப் பிடி மட்டும் உடும்புப் பிடி.

“இந்தாங்க மேடம், திருடன்! பாலாவுல இருந்து கோட்டயம் வரைக்கும் பஸ்ஸுல ஜன்னல் ஓரமா உக்காத்தி வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கேன். ஓடிறக் கூடாதுல்ல!”

அனூப் ஓடுகிறவனாகத் தெரியவில்லை. கசங்கிய காலரைக்கூட நீவிவிடாமல், காட்டிய நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்தான்.

நேற்று மாலை வக்கீல் போனில் சொன்னது இவ்வளவுதான். டிஜோவின் கத்திப் படம், பேட்டண்ட் மனு போடுவதற்குப் பத்து நாள் முன்பே எங்கேயோ அச்சாகி வெளியே வந்துவிட்டது. ஒரு கம்பெனி அதைக் காட்டி, ‘இது புதுசே இல்லை, பேட்டண்ட் தராதே’ என்று எதிர்க்கிறது. கேட்டதிலிருந்து வக்கச்சன் ஒரு வாய் கஞ்சி குடிக்கவில்லை.

கத்தி என்றால் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிற கத்தி. கை நடுங்க ஆரம்பித்ததும் வக்கச்சன் வெட்டிய மரமெல்லாம் புண்ணாயிற்று, எஸ்டேட்காரன் வேலைக்கு வராதே என்றுவிட்டான். மகன் டிஜோ எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, கத்தியின் வாயில் ஒரு ஸ்பிரிங் தடுப்பு வைத்தான். கை எப்படி நடுங்கினாலும் கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்காது.

விடியும் முன்பே ஆளில்லாத தோட்டத்தில் வெட்டி முடிக்கிற வேலை அப்பனுக்கு மறுபடியும் கிடைத்தது. மூன்றாவது மாதம், மழையில் வளைவு திரும்பிய பைக்கோடு டிஜோ போய்ச் சேர்ந்தான்.

அவன் செத்த ஐம்பத்தோராம் நாள், அவனுடைய நோட்டுப் புத்தகத்தோடு வக்கச்சன் இதே அறையில் வந்து நின்றார். “காசு வேண்டாம் மேடம். சர்க்கார் காகிதத்துல ‘கண்டுபிடிச்சவன் டிஜோ’ன்னு வரணும். கல்லறையில எழுதினது பாசி பிடிச்சுப் போகும். இது போகாதுல்ல?”

“இதை வெளியில யாருக்காவது காட்டினீங்களா சேட்டா?” என்று அன்றைக்கே கேட்டார் வக்கீல்.

“எங்க வீட்டு நாய்க்குக்கூடக் காட்டல. கத்தி அலமாரிக்குள்ள, சாவி என் மடியில.”

அப்படியானால் மிச்சம் அனூப் ஒருவன்தான். டிஜோவின் சிநேகிதன், லேத் பட்டறைக்காரன், ஸ்பிரிங்கை முறுக்கிக் கொடுத்தவன். நாற்பத்தொன்றாம் நாள் சடங்கில் மாதா கோயில் முற்றத்தில், வந்த முந்நூறு பேருக்கும் நினைவு மலரைக் கையில் கொடுத்து, பந்தியில் எச்சில் இலை எடுத்ததுவரை பெற்ற பிள்ளையைப் போல நின்றவன். அந்த நன்றியெல்லாம் நேற்று மாலையோடு போயிற்று.

“எத்தனைக்குடா வித்தே? அவன் கூட ஒரே தட்டுல சாப்பிட்டவனாடா நீ?”

அனூப் நிமிரவில்லை. “தப்புதான் அப்பச்சா. நோட்டுல இருந்து நான்தான் படம் பிடிச்சுக் குடுத்தேன்.”

வக்கச்சன் கையை ஓங்கினார். அடிக்க முடியவில்லை. உட்கார்ந்து அழுதார்.

வக்கீலின் முகத்திலோ சட்டென்று ஒரு வெளிச்சம். “சேட்டா, அழாதீங்க, இது நமக்கு நல்லது. வீட்டுக்காரங்க சம்மதத்தோட வெளிய வந்திருந்தா எல்லாம் முடிஞ்சது, அப்புறம் அந்தக் கத்தி ஊருக்கே சொந்தம். ஆனா ஒருத்தன் களவாடிக் குடுத்து அச்சாயிருந்தா, சட்டம் அதைக் கணக்குல எடுத்துக்காது. இவர் எழுதிக் குடுத்தா டிஜோவுக்குப் பேட்டண்ட் கிடைக்கும்.”

“எழுதித் தர்றேன் மேடம்,” என்றான் அனூப். கேட்பதற்கு முன்பே பேனாவை எடுத்துவிட்டான்.

“போலீஸ் கேஸ் ஆகலாம். உங்க பட்டறைக்கு அப்புறம் யாரும் வரமாட்டாங்க.”

“பரவாயில்ல.”

வக்கச்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்படி எந்தப் பேப்பர்லதான் போட்டானுங்க? கொண்டாங்க, ஒரு தடவை காறித் துப்புறேன்.”

“ஏதோ புத்தகத்தோட கடைசிப் பக்கமாம். இந்த நகல் மட்டும்தான் அனுப்பியிருக்காங்க, முழுசும் பின்னால வரும்,” என்று தாளை நீட்டினார் வக்கீல்.

டிஜோவின் சாய்ந்த கையெழுத்து, ஸ்பிரிங், திருகு, அளவு எல்லாம் அப்படியே இருந்தன. அதன் கீழே பொடி எழுத்தில் தேதியும் பாலா அச்சகம் ஒன்றின் பெயரும். வக்கச்சன் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். அந்த அச்சகத்தின் மர பெஞ்சில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவர் அவர். என் மோனோட மூளை எப்பேர்ப்பட்டதுன்னு ஊர் பார்க்கட்டும் என்று அங்கே சொன்னது காதில் கேட்டது. தாளை மேஜைமேல் வைத்தார்.

அனூப் அவர் பக்கம் சாய்ந்து, வக்கீலுக்குக் கேட்காமல் சொன்னான். “ஒண்ணும் பேசாதீங்க அப்பச்சா. உங்களுக்குத் தெரியாமலே போயிரும்னு நெனச்சேன். டிஜோ பேரு வரட்டும்.”

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடக் குனிந்தான். வக்கச்சன் அவன் கையை எட்டிப் பிடித்தார்.

“பேனாவக் கீழ வைடா மோனே… மேடம், கத்தியத்தான் பூட்டி வச்சேன். அவன் நினைவு மலர்ல இந்தப் படத்தை அச்சடிச்சு ஊருக்கெல்லாம் குடுத்தது நான்தான்.”