பதினாலாவது தப்பு

வெளியான ஒரே வாரத்தில் பெட்டிக்குள் சுருண்ட படம் ‘நண்டு மாப்பிள்ளை’. முப்பது வருடம் கழித்து அதற்கு ஒரு ரசிகர் மன்றம். ஞாயிறு மதியக் காட்சியில் படத்தின் தப்புகளைக் கூச்சல் போட்டு எண்ணுவதுதான் அவர்களுடைய வேலை.

“பதினாலு!” என்று அரங்கமே அலறியது. திரையில் நாயகன் கடற்கரை மணலில் உருள, பின்னால் சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் கடலில் இறங்கினார். “தொப்பி எங்கே? தொப்பி எங்கே?” என்று எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள்.

இடைவேளையில், முதல் முறையாக வந்திருந்த ஒரு பெண்மணி மன்றச் செயலாளரிடம் வந்தார்.

“தம்பி, அந்தத் தொப்பி எப்படித் தப்பாச்சு?”

“இறங்கினவர் அப்புறம் கரையேறவே மாட்டார்மா. அடுத்த ஷாட்ல கடலே காலியா இருக்கும். கூட்டத்துல ஒருத்தர்தானே, டைரக்டர் சுத்தமா மறந்துட்டார்!” அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “அந்த சீன் பிடிச்சிருந்துதா?”

“அந்தத் தொப்பி நான் பின்னிக் கொடுத்தது. அவர் என் வீட்டுக்காரர்.”

அவன் சிரிப்பு நின்றது.

“ஷூட்டிங் முடிஞ்சு கிளம்பிட்டார்னு கம்பெனியில சொன்னாங்க. எவளோடயோ ஓடிட்டார்னு அக்கம்பக்கத்துல பேசினாங்க. நானும் முப்பது வருஷமா அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டு இருக்கேன். போன வாரம் மக போன்ல இந்த சீனைக் காட்டினா.”

அவன் கையிலிருந்த தப்புப் பட்டியலை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

“நீங்க எத்தனை தடவை பார்த்திருப்பீங்க?”

“நூறு தடவை... இருக்கும்மா.”

அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி. ஒரு தடவையாவது வெளியே வந்தாரா?”