ஐந்தாம் ஆண்டு அழைப்பு

கணவர் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய போன் அடித்தது. அவள் எடுத்தாள்.

“சிவஞானம் சார் இருக்காங்களா? ஆஸ்பத்திரியில கேன்சர் பதிவேட்டுலேர்ந்து பேசறேன். அவங்க வீட்டம்மா திலகவதி எப்படி இருக்காங்கன்னு கேக்கணும். அஞ்சாவது வருஷம். நீங்க யாருங்க?”

திலகவதி சுவரைப் பார்த்தாள்.

“நாத்தனார்.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

“அப்பாடா. பேஷண்டுக்குத் தெரியாதுன்னு இங்க எழுதியிருக்கு. அவங்களே எடுத்துட்டாங்களோன்னு பயந்துட்டேன்.”

குடலில் சதை வளர்ந்திருக்கிறது, வெட்டி எடுத்துவிட்டார்கள். கணவர் அவளிடம் சொன்னது இவ்வளவுதான். மாதம் ஒருமுறை இடுப்பில் போடுவது சத்து ஊசி என்றிருந்தார்.

“அவங்களுக்கு முகம் சிவந்து சூடாகுதா?”

“எப்பவாவது.”

அது தீட்டு நிற்கிற வயது என்றல்லவா நினைத்திருந்தாள்.

“வீட்டு வேலை?”

“அவங்கதான் பாக்கறாங்க.”

யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது. அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாக இருந்தது.

“சார் வருஷா வருஷம் ஒரே பதில்தான் சொல்வாரு. அவ என்னைத் திட்டற அளவுக்குத் தெம்பா இருக்கான்னு.”

சிரிப்பு வந்தது. இந்த நேரத்தில் சிரிப்பா?

“லட்சத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு வர்ற கட்டிம்மா. மெதுவாத்தான் வளரும். ஆனா இவங்களுக்கு ஈரலுக்கும் பரவியிருந்துச்சே. அஞ்சு வருஷம் தாண்டினது பெரிய விஷயம்.”

ஈரல்.

கை இடது விலாவுக்குப் போனது. பிறகு வலது விலாவுக்கு. ஈரல் எந்தப் பக்கம்?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அவர் எங்கே நின்று பதில் சொல்லியிருப்பார்? மொட்டைமாடியிலா? தெருமுனையிலா? பேசி முடித்துவிட்டு உள்ளே வந்து, குழம்பில் உப்பு கம்மி என்று எப்படிச் சொன்னார்?

முகம் சூடேறியது. நோயா, கோபமா, தெரியவில்லை. ஏமாற்றப்பட்டவள்போல் இருந்தது. ஏந்திப் பிடிக்கப்பட்டவள்போலவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று பிரிக்க முடியவில்லை.

“கடைசியா ஒண்ணு. அவங்களுக்கு இன்னும் விஷயம் தெரியாதுதானே? தெரியும்னா இதை மாத்தி எழுதணும்.”

குளியலறைக் கதவின் பின்னால் அவர் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சுருதி சேரவில்லை.

“தெரியாது,” என்றாள் திலகவதி. “அப்படியே இருக்கட்டும்.”