பாதி முடிந்த பெட்ரோல் கார்

உலக வாகன வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய செய்தி: கோவை விண்டேஜ் கார் சங்கத் தலைவர் பிரணவின் 2012 மாடல் பெட்ரோல் கார் விற்பனைக்கு வந்துவிட்டது. "பாதி வேலை முடிந்தது, மீதியை வாங்குபவர் பார்த்துக்கொள்ளவும்" என்று விளம்பரம் போட்டது அவரல்ல, அவர் வீட்டை நிர்வகிக்கும் செயலி.

பிரணவ் விளம்பரத்தை மூன்று முறை படித்தார். சொந்தக்காரர் இனித் தொடவே மாட்டார் என்று உறுதியானால்தான் செயலி ஒரு பொருளை விற்பனைக்குப் போடும். எதிர்வீட்டுச் செயலி அந்த வீட்டுக்காரரின் கைத்தடியைப் போட்ட அதே வாரம் அவர் போய்ச் சேர்ந்தார்.

"யாழினி, எனக்கு நாள் நெருங்கிருச்சு புள்ள," என்றார் மனைவியிடம். "வர்ற ஆயுத பூஜைக்கு ரோட்டுல எறக்கிரலாம்னு இருந்தேன்."

"வருசா வருசம் எஞ்சினைக் கழட்டிப் போட்ட வண்டிக்கு எலுமிச்சம்பழம் வெச்சுட்டு இதையேதானுங்க சொல்றீங்க," என்ற மனைவி, செயலியிடமே கேட்டுவிட்டாள். "இவரு இன்னும் எத்தனை நாளைக்கு இருப்பாருன்னு கணக்குப் போட்டிருக்கே?"

பிரணவ் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்களை இறுக மூடினார்.

"முப்பது வருடம் நன்றாக இருப்பார்," என்றது செயலி. "வண்டியைத் தொட மாட்டார்."