போணி ஆகாத தெரு

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குடும்பம் திரும்பிப் போனது.

குழந்தை பம்பரத்தைக் கையில் எடுத்துவிட்டிருந்தது. பொம்மைக்கடைக்காரர் சிரித்தபடியே வாங்கித் திரும்ப வைத்துவிட்டார். இன்னும் போணி ஆகவில்லையாம். கொஞ்சம் பொறுக்க வேண்டுமாம்.

தெரு முழுக்க இதே கதைதான்.

மேம்பால வேலைக்காக அடைத்துக் கிடந்த தெரு. அப்போது வாடிக்கையாளர்கள் வேறு கடைவீதியைப் பழகிக்கொண்டார்கள். பாலம் முடிந்தும் திரும்பவில்லை. அவர்களை மறுபடி அழைக்கத்தான் இந்தத் திருவிழா. இன்று மாலை வண்டிகளுக்கு இங்கே இடமில்லை. கடைகள் எல்லாம் மேசை போட்டு வாசலுக்கு வந்துவிட்டன.

எல்லாம் அவள் செய்தது. காவல் நிலையத்தில் அனுமதி வாங்கியது, பந்தல்காரரோடு மல்லுக்கு நின்றது, முகம் கொடுத்துப் பேசாத இரண்டு மளிகைக்கடைக்காரர்களை அடுத்தடுத்து உட்கார வைத்தது.

அவளுக்கு இந்தத் தெருவில் கடை இல்லை.

இருந்தது. வளையல் கடை. பள்ளம் தோண்டிய முதல் மழைக்காலத்திலேயே நொடித்துப்போனது.

முதல் வியாபாரத்தைத் தொடங்கி வைக்க வியாபாரிகள் சங்கம் ஒரு ஜவுளிக்கடை முதலாளியை அழைத்திருந்தது. கைராசிக்காரர் என்று பெயர். அவர் வந்து வாங்கும்வரை யாரும் எதையும் விற்பதில்லை என்று முடிவு. கைராசிக்காரரோ பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் பந்தியில் இருந்தார். கிளம்பிவிட்டேன், கிளம்பிவிட்டேன் என்று போனில் சொன்னார். பாயசத்தையே இன்னும் தாண்டியிருக்க மாட்டார்.

கூட்டம் வந்தது. அவளே எதிர்பார்க்காத கூட்டம்.

பொருளைத் தொட்டது. விலை கேட்டது. பதில் வராமல் நகர்ந்தது.

இன்று வெறுங்கையோடு போனால் இவர்கள் இனி வரமாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும்.

கைப்பையில் நோட்டு இருந்தது. எதையாவது வாங்கிவிட ஒரு நிமிடம் போதும்.

ஆனால் கடையை மூடியவள் கையால் போணி. எந்த வியாபாரி சம்மதிப்பான்?

யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. காலையில் அவள் ஏதாவது வாங்கப் போனால், உள்ளே வேலை இருப்பதுபோல நகர்ந்துவிடுவார்கள். வேறொருவர் வாங்கிய பிறகு வந்து அன்பாகப் பேசுவார்கள். அவளும் கடை வைத்திருந்தவள்தானே. புரிந்தது. வலிக்கவும் வலித்தது.

இன்னொரு குடும்பம் திரும்பியது.

அவள் நேராகப் பாத்திரக்கடை மேசைக்குப் போனாள்.

தவமணி அண்ணாச்சியின் மேசை. தெருவிலேயே அதிகம் சகுனம் பார்ப்பவர். குறுக்கே பூனை போனால் வீட்டுக்குத் திரும்பி, தண்ணீர் குடித்து, உட்கார்ந்து எழுந்துதான் கடை திறக்க வருவார்.

ஒரு தோசைக்கல்லை எடுத்தாள். விலை கேட்கவில்லை. நோட்டை நீட்டினாள்.

 

அண்ணாச்சி நோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

மற்ற மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து நின்றார். நோட்டை இரண்டு கைகளாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தத் தெருவயே ஒங் கைதானம்மா தெறந்து விட்டுருக்கு. பொறவென்ன, எடுத்துட்டுப் போ."

அவள் தோசைக்கல்லை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். கனமாக இருந்தது. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பெருமையாக இருந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

இனி எல்லாரும் விற்கத் தொடங்குவார்கள் என்று நினைத்தாள்.

யாரும் தொடங்கவில்லை.

அடுத்த மேசையில் செருப்புக்கடைக்காரர், கூட்டத்தைச் சற்றே ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, அவள் கால் அளவுக்கு ஒரு ஜோடியைத் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.