ஐந்தாவது கணினி

பதுளைத் தலைமை அலுவலகத்தில் ஒரு கோப்பைத் திறக்கவே அரைமணி நேரமானது. காரணத்தை, கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நிரோஜா கண்டுபிடித்தாள். நான்கு தேயிலைத் தோட்டங்களின் கணினிகளும் ஐந்தாவதன் பதிலுக்காகக் காத்திருந்தன. அந்த ஐந்தாவது கணினியோ, போன வருட மண்சரிவில் கிளார்க் தவமணியோடும் தொழிலாளர் குடியிருந்த ஒரு லயத்தோடும் புதைந்துபோனது.

புதைந்த அந்தக் கணினி இன்னமும் ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது: "மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது. ஜனங்களை உடனே இறக்குங்கள். – தவமணி."

"சேர், இது உங்களுக்கு வந்த கடிதங்க."

"அதைத்தான் அப்பவே அழிச்சேனே!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்ட மேனேஜர் வீரசிங்கம், "மறுபடி அழிம்மா" என்றார்.

"நான் மாட்டேங்க."

அவரே அழித்தார். உடனே வேகம் திரும்பியது. ஆனால் எந்தக் கோப்பைத் திறந்தாலும் அந்தக் கடிதமே வந்தது.

மண்சரிவு விசாரணைக் குழுவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. காலையில் மேனேஜர் அனுப்பிய அறிக்கையிலும் அந்தக் கடிதம்தான் இருந்ததாம்.